இருட்பாதையில் துவிச்சக்கரவண்டி
ஒளித்தெறிப்பானின் சமூக வரலாறு பற்றிய ஒரு நோக்கு

போக்குவரத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் புகையிரதத்தையும் நீராவிக் கப்பலையும் மோட்டார் வாகனத்தையும் பற்றி விரிவாகப் பேசுவர். துவிச்சக்கரவண்டிக்கு அவர்கள் ஒதுக்கும் பக்கங்கள் மிகச் சிலவே. அவ்வண்டியின் பின்புறத்தே பொருத்தப்பட்டிருக்கும் சிறியதொரு சிவப்புத் துண்டுக்கோ ஒரு வரிதானும் கிடைப்பதில்லை. கடைகளிலே 'றிப்ளெக்டர்' என வழங்கும் அவ்வொளித்தெறிப்பான் விலையிலும் அளவிலும் அற்பமானது. எனினும், இருளில் ஒருவனது உயிரைக் காக்கும் பொறுப்பு யாரைச் சார்ந்தது, வீதி யாருக்கு உரியது என்னும் வினாக்கள் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக இச்சிறு துண்டைச் சுற்றியே எழுந்து வந்துள்ளன. அவ்வினாக்களைக் கல்முனைக்கும் சவளக்கடைக்கும் இடைப்பட்ட ஒரு பாதையினை மனத்திற்கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கிட்டங்கிப் பாதை

கல்முனையிலிருந்து மேற்கு நோக்கி நற்பிட்டிமுனையைக் கடந்து செல்லும் வீதி, நீர்ப்பரப்பொன்றின் குறுக்கே அமைந்த கிட்டங்கித் தாம்போதியைத் தாண்டிச் சவளக்கடையை அடைகின்றது. அங்கிருந்து நாவிதன்வெளி, அன்னமலை, மத்திய முகாம் முதலிய ஊர்களுக்கு வழிகள் பிரிகின்றன. கிழக்கே கடலை அண்டி நெருக்கமாக அமைந்த பட்டினங்கள். மேற்கே பரந்த வயல்வெளிகள். இரண்டையும் இணைப்பது இவ்வொடுங்கிய பாதை. 1949ஆம் ஆண்டிலே தொடங்கப்பெற்ற கல்லோயாத் திட்டம் மேற்கிலே நீர்ப்பாசனத்தையும் குடியேற்றங்களையும் பெருக்கியபோது, இத்தகைய பாதைகளின் முக்கியத்துவமும் பெருகிற்று. தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்து வாழும் இப்பிரதேசத்திலே வயல், சந்தை, பாடசாலை, வைத்தியசாலை ஆகிய யாவற்றுக்கும் இரு சமூகத்தவரும் ஒரே வீதியைத்தான் நம்பியிருக்கின்றனர்.

இப்பாதையிலே துவிச்சக்கரவண்டி பொழுதுபோக்குச் சாதனமன்று. அது ஓர் உழைப்புக் கருவி. மண்வெட்டியும் உரப்பையும் அதிலேதான் வயலுக்குச் செல்கின்றன. நெல்மூட்டை அதிலேதான் வீடு திரும்புகின்றது. மீன் வியாபாரி தன் பெட்டியை அதன் பின்புறத்திலே கட்டிக்கொண்டு குடியேற்றக் கிராமங்களை நோக்கி மிதிக்கின்றான். இவ்வுழைப்பு பகற்பொழுதோடு முடிந்துவிடுவதில்லை என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. வட்டையிலே தண்ணீர் பாய்ச்சுபவனும் விளைந்த பயிருக்குக் காவல் இருப்பவனும் இருளிலேதான் போய் வரவேண்டியவர்கள். கடற்றொழிலாளர் விடியுமுன் கரைக்குச் செல்கின்றனர். சுபஹுத் தொழுகைக்குப் பள்ளிவாசலை நாடுவோரும், மாலை வகுப்பு முடிந்து வீடு திரும்பும் மாணவரும் அரையிருளிலேயே வண்டி மிதிக்கின்றனர். வெள்ளை உடையணிந்து தொழுகைக்குச் செல்பவர் ஓரளவேனும் கண்ணுக்குப் புலப்படுவார். சேறு படிந்த சாரத்தோடு வயலிலிருந்து திரும்பும் விவசாயியோ இருளோடு இருளாகி விடுகின்றான்.

வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் நிலைமை மேலும் இடர் மிகுந்ததாகின்றது. தாம்போதியின்மேல் வெள்ளம் பாயும்போது வண்டியை விட்டிறங்கி, அதனை உருட்டிக்கொண்டு மெல்ல நடக்க வேண்டும். சக்கரத்தின் சுழற்சியினால் எரியும் விளக்கு அத்தருணத்திலே ஒளி குன்றிப்போகின்றது. விளக்கு மிகவும் வேண்டப்படும் இடத்திலேயே அது கைவிட்டு விடுகின்றது எனலாம்.

விளக்கின் வருகை

துவிச்சக்கரவண்டிக்கான விளக்கு இரு பணிகளை ஆற்றவேண்டியது. ஒன்று, ஓட்டுபவனுக்குப் பாதையைக் காட்டுவது. மற்றையது, ஓட்டுபவனைப் பிறருக்குக் காட்டுவது. தொடக்கத்தில் இவை இரண்டும் வேறுபிரித்து நோக்கப்படவில்லை. 1870களின் இறுதியிலே பேர்மிங்ஹாம் நகரின் ஜோசப் லூக்கஸ் உருவாக்கிய எண்ணெய் விளக்கு, அக்காலத்து உயர்சக்கர வண்டியின் முன்சக்கரக் குடத்திலே தொங்கவிடப்பட்டது. 1885இல் ஜோன் கெம்ப் ஸ்டார்லி இரு சக்கரங்களும் ஏறக்குறைய ஒரே அளவாக அமைந்த 'றோவர்' வண்டியை வெளியிட்டார். 1888இல் ஜோன் பொய்ட் டன்லப் காற்றடைத்த ரயரை ஆக்கினார். இவ்விரண்டினாலும் துவிச்சக்கரவண்டி சாகசக்காரரின் விளையாட்டுப் பொருள் என்னும் நிலையிலிருந்து நீங்கிப் பொதுமக்களின் வாகனமாயிற்று. அதே 1888ஆம் ஆண்டிலே இங்கிலாந்தின் உள்ளூராட்சிச் சட்டம் துவிச்சக்கரவண்டியை ஒரு 'வண்டி' என ஏற்றுக்கொண்டது. சூரியன் மறைந்து ஒரு மணித்தியாலத்தின் பின்னரிருந்து, உதிப்பதற்கு ஒரு மணித்தியாலத்துக்கு முன்னர் வரை அது விளக்கோடு செல்லவேண்டும் எனவும் அச்சட்டம் விதித்தது. வீதியிலே செல்லும் உரிமையும் விளக்கேற்றும் கடமையும் ஒருங்கே பிறந்தன என்பது கவனத்துக்குரியது.

எண்ணெய் விளக்கைத் தொடர்ந்து இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே காபைட் விளக்கு பரவியது. மேற்றட்டிலுள்ள நீர் துளித்துளியாகக் கல்சியம் காபைட்டின்மீது விழ, அசற்றலீன் வாயு பிறந்து வெண்சுடராக எரியும். எண்ணெய்ச் சுடரிலும் பன்மடங்கு பிரகாசமான அவ்விளக்கு நாற்றமும் தொல்லையும் மிக்கதாயிருந்தது. பின்னர் மின்கல விளக்கும், ரயரின் பக்கத்தோடு உராய்ந்து சுழலும் டைனமோவும் வழக்கிற்கு வந்தன. எண்ணெயும் மின்கலமும் வாங்க வேண்டாத டைனமோ உழைக்கும் மக்களுக்கு ஏற்ற கண்டுபிடிப்பாக அமைந்தது. ஆயினும் அதற்கும் ஒரு விலையுண்டு. ஒளிக்கான சக்தியை ஓட்டுபவனின் காலே வழங்கவேண்டும். சுமையேற்றிய வண்டியை எதிர்காற்றில் மிதிப்பவன் டைனமோவைச் சக்கரத்திலிருந்து விலக்கிவிட்டு இருளிற் செல்லத் துணிவதன் காரணம் இதுவே. அதனை வெறும் கவனக்குறைவு எனத் தள்ளிவிடல் பொருந்தாது.

இலங்கையில் 1916ஆம் ஆண்டின் 4ஆம் இலக்க வாகனங்கள் கட்டளைச் சட்டம், மாட்டுவண்டில், ரிக்‌ஷா முதலியவற்றோடு துவிச்சக்கரவண்டியையும் தன் கட்டுப்பாட்டினுட் கொண்டுவந்தது. குடியேற்ற ஆட்சியின் இத்தகைய சட்டங்கள் பிரித்தானிய முன்மாதிரியைப் பின்பற்றியவை. ஆனால் அங்கு நடுத்தர வகுப்பாரின் வாகனமாக இருந்தபொழுது இயற்றப்பட்ட விதிகள், இங்கு விவசாயியினதும் கூலியாளினதும் வாகனத்தின்மீது செயற்பட்டன. விளக்கில்லாத வண்டியை மறித்துக் காற்றைத் திறந்துவிடும் பொலிஸ்காரர் பழைய தலைமுறையினரின் நினைவிலே நிலைத்த ஒரு பாத்திரம். தண்டனை இருந்தது, ஆனால் விளக்கு வாங்கும் வசதி எல்லோரிடமும் இருக்கவில்லை.

யாருடைய பொறுப்பு?

முன்விளக்குப் பற்றிப் பெரும் பிணக்கு எழவில்லை. பின்புறத்தைப் பற்றியே வாதம் மூண்டது. மோட்டார் வாகனங்கள் பெருகுமுன், துவிச்சக்கரவண்டியை இரவிலே பின்னாலிருந்து வேகமாக எட்டிப் பிடிக்கக்கூடிய வாகனம் அரிதாகவே இருந்தது. மோட்டார் வாகனம் வந்ததும், வண்டியோட்டியின் முதுகுப்புறம் திடீரென அபாயத்துக்குள்ளாயிற்று. அவர்கள் பின்னேயும் சிவப்பு விளக்கேற்ற வேண்டும் என மோட்டார் வாகனச் சொந்தக்காரர் கோரினர். இங்கிலாந்தின் துவிச்சக்கரவண்டிச் சுற்றுலாக் கழகத்தார் அதனைப் பல்லாண்டுகள் எதிர்த்து நின்றனர்.

அவர்தம் நியாயம் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. வாகனத்தை ஓட்டுபவன் தன் விளக்கொளியிலே தனக்குப் புலப்படும் தூரத்தினுள் நிறுத்தக்கூடிய வேகத்தில் மாத்திரமே செல்லவேண்டும். முன்னே செல்பவரைக் கண்டு விலகுவது பின்னே வருபவனின் கடமை. பாதசாரியும் கால்நடையும் சிவப்பு விளக்கு அணிவதில்லையே என்று அவர்கள் வாதிட்டனர். பின்விளக்கைச் சட்டமாக்கினால், அபாயத்தை உண்டாக்குபவனிடமிருந்து அபாயத்துக்குள்ளாகுபவனிடத்துக்குப் பொறுப்பு மாற்றப்படும் என அவர்கள் அஞ்சினர். விளக்குத் தற்செயலாக அணைந்துபோனாற்கூட, இறந்தவன்மீதே குற்றம் சுமத்தப்படும் என்பது அவ்வச்சத்தின் சாரம்.

இப்பிணக்கிலே ஒளித்தெறிப்பான் ஒரு சமரசமாகத் தோன்றிற்று எனலாம். 1927ஆம் ஆண்டின் பிரித்தானியச் சட்டம் பின்விளக்குக்குப் பதிலாகச் சிவப்பு ஒளித்தெறிப்பானைத் துவிச்சக்கரவண்டிகள் பொருத்திக்கொள்ள இடமளித்தது. அதற்கு எண்ணெய் வேண்டாம், மின்கலம் வேண்டாம், காற்றில் அது அணையாது. ஆனால் உலக யுத்தம் அச்சமரசத்தைக் குலைத்தது. 1939இல் இருட்டடிப்பு நடைமுறைக்கு வந்தபோது வாகனங்களின் முன்விளக்குகள் மூடி மறைக்கப்பட்டன. ஒளி வீசாத விளக்கின் முன் ஒளித்தெறிப்பான் பயனற்றதாகவே, பின்விளக்கு கட்டாயமாயிற்று. 1945இல் அது நிரந்தரச் சட்டமுமாயிற்று. 1938இல் பிரித்தானிய வீதிகளிலே 6,648 பேர் இறந்தனர். வாகனப் போக்குவரத்துக் குறைந்திருந்த 1941இலோ அத்தொகை 9,169ஆக உயர்ந்தது. அந்நாட்டின் வீதி விபத்து வரலாற்றிலே அதுவே மிகக் கூடிய தொகையாகும். இருள் கொல்லும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

ஒளி திரும்பும் விதம்

சாதாரண கண்ணாடி தன்மேல் விழும் ஒளியை வேறொரு திசையிலே தெறிக்கின்றது. ஒளித்தெறிப்பானின் சிறப்பு, வந்த ஒளியை வந்த திசைக்கே திருப்பி அனுப்புவதில் அடங்கியுள்ளது. ஓர் அறையின் மூலையிலே இரு சுவர்களும் தரையும் ஒன்றுக்கொன்று செங்குத்தாகச் சந்திப்பதை ஒத்த நுண்ணிய மூலைகள் பல, அச்சிவப்புத் துண்டின் உட்புறத்திலே வார்க்கப்பட்டுள்ளன. ஒரு மூலையினுட் புகும் ஒளிக்கதிர் மூன்று முகங்களிலும் தெறித்துப் புறப்பட்ட திசைக்கே மீளுகின்றது. இதனாலேயே வாகனத்தின் விளக்கொளி, அவ்விளக்கின் அருகே அமர்ந்திருக்கும் சாரதியின் கண்ணுக்குத் திரும்பி வருகின்றது. 1969இல் அப்பலோ 11 விண்வெளி வீரர் சந்திரனிலே வைத்துவந்த கருவியும் இத்தத்துவத்தின்படி அமைந்ததே. அதிலுள்ள 100 மூலைகள், பூமியிலிருந்து அனுப்பப்படும் லேசர்க் கதிரைத் திருப்பி அனுப்பிச் சந்திரனின் தூரத்தை அளக்க உதவுகின்றன. சந்திரனிலுள்ள கருவிக்கும் நெல்மூட்டை சுமக்கும் வண்டியின் மட்காட்டிலுள்ள துண்டுக்கும் தத்துவம் ஒன்றே.

இதன் பயனைச் சிறியதொரு கணக்கினாலே விளக்கலாம். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் வாகனம் ஒரு செக்கனில் ஏறத்தாழ 17 மீற்றர் தூரத்தைக் கடக்கின்றது. அபாயத்தைக் கண்ட சாரதி பிறேக்கை அழுத்துவதற்கு ஒன்றரைச் செக்கன் ஆகுமெனில், அதற்குள்ளேயே வாகனம் 25 மீற்றர் சென்றுவிடும். உலர்ந்த வீதியில் அது முற்றாக நிற்பதற்கு மேலும் ஏறக்குறைய 20 மீற்றர் வேண்டும். மழையில் நனைந்த வீதியில் இத்தூரம் இன்னும் கூடும். தாழ்த்திய விளக்கொளியிலே இருண்ட உடையணிந்தவனை இத்தூரத்திற்கு அப்பால் உறுதியாகக் காண இயலாது. நல்லதொரு ஒளித்தெறிப்பானோ நூறு மீற்றருக்கு அப்பாலிருந்தே மின்னும். உயிருக்கும் மரணத்துக்கும் இடைப்பட்ட தூரம் இதுவே.

மிதிபலகையிலே பொருத்தப்படும் ஒளித்தெறிப்பான் இதனினும் ஒருபடி மேலான பயனுடையது. சுவீடனைச் சேர்ந்த உளவியலாளர் குன்னர் ஜோஹன்சன் 1973இல் வெளியிட்ட ஆய்வொன்று, மனித உடலின் மூட்டுகளிலே பொருத்திய சில ஒளிப்புள்ளிகளின் அசைவைக் கொண்டே அது மனிதன் என்பதைக் கண் உடனடியாக உணர்ந்துகொள்ளும் எனக் காட்டியது. மேலுங் கீழுமாக அசையும் இரு மஞ்சட் புள்ளிகள் 'இங்கு ஒரு மனிதன் மிதித்துச் செல்கிறான்' என்று சாரதிக்கு அறிவிக்கின்றன.

ஐக்கிய அமெரிக்காவிலே 1972இல் அமைக்கப்பட்ட நுகர்பொருட் பாதுகாப்பு ஆணைக்குழு, 1976 முதல் விற்பனைக்கு வரும் துவிச்சக்கரவண்டிகள் முன்னும் பின்னும், மிதிபலகையிலும், பக்கங்களிலும் ஒளித்தெறிப்பான்களைக் கொண்டிருக்க வேண்டும் என விதித்தது. இங்கு ஓர் அடிப்படை மாற்றம் நிகழ்ந்துள்ளது. அதுவரை விதி ஓட்டுபவனை நோக்கியிருந்தது. இப்பொழுது அது உற்பத்தியாளனை நோக்கித் திரும்பிற்று. வசதியற்றவன் தனியே வாங்கிப் பொருத்தவேண்டிய பொருள், வண்டியின் பிரிக்கமுடியாத உறுப்பாயிற்று.

இதற்கும் எதிர்ப்பு இல்லாமலில்லை. ஜோன் பொறெஸ்ரர் என்னும் பொறியியலாளர் இவ்விதிகளை எதிர்த்து வழக்குத் தொடுத்தார். 1977இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் விதிகளுட் பெரும்பாலானவற்றை நிலைநிறுத்திச் சிலவற்றை மீள்பரிசீலனைக்கு அனுப்பியது. ஒளித்தெறிப்பான் விளக்குக்கு ஈடாகாது. விளக்கு உண்டு என்னும் பொய்யான நம்பிக்கையை அது ஊட்டிவிடும் என்பது அவரது வாதங்களுள் முக்கியமானது. குறுக்கு வீதியிலிருந்து திரும்பும் வாகனத்தின் ஒளி துவிச்சக்கரவண்டியின்மீது விழுவதேயில்லை. ஆகவே ஒளித்தெறிப்பான் அங்கே மௌனமாகி விடுகின்றது. கிட்டங்கி போன்ற பாதைகளில் இவ்வாதம் மேலும் வலுப்பெறுகின்றது. இருளிலே எதிரெதிராக வரும் விளக்கற்ற இரு வண்டிகளுக்கும், வீதியோரம் நடப்பவருக்கும், நடுவீதியிற் படுத்திருக்கும் மாடுகளுக்கும் ஒளித்தெறிப்பானால் எப்பயனும் இல்லை. அது பிறரது ஒளியிலே வாழும் பொருள்.

காணப்படுதலே அபாயமான காலம்

மேற்கூறியவை யாவும் காணப்படுதல் நன்மை என்னும் எடுகோளின்மீது அமைந்தவை. இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் அவ்வெடுகோளே பொய்த்துப்போன காலமொன்று இருந்தது. போர் நிலவிய ஆண்டுகளிலே இரவுப் பயணம் அருகிற்று. ஊரடங்கும் சோதனைச்சாவடியும் பொழுதை அளந்தன. சாவடியை அண்மியதும் வண்டியிலிருந்து இறங்கி உருட்டிச் செல்வது வழக்கமாயிற்று. இருளில் ஓர் ஒளிப்புள்ளியாகத் தோன்றுவது சிலவேளைகளிற் குண்டுக்கு இலக்காகத் தோன்றுவதாயும் இருந்தது. 1990ஆம் ஆண்டின் துயரங்களுக்குப் பின்னர் அண்டை ஊர்களுக்கிடையே அச்சம் குடிகொண்டபோது, இரு சமூகங்களும் பொதுவாக நடந்த பாதைகள் மாலையோடு வெறிச்சோடின.

1990இல் மின்சாரம் அற்றுப்போன யாழ்ப்பாணத்திலே, மின்கலங்கள் தடைசெய்யப்பட்ட பொருள்களாயின. அங்கு மக்கள் துவிச்சக்கரவண்டியைத் தாங்கியில் நிறுத்தி, மிதிபலகையைக் கையாற் சுழற்றி, டைனமோவின் மின்னைக் கொண்டு வானொலிச் செய்தி கேட்டனர். பாதைக்கு ஒளி தருவதற்கெனப் பிறந்த கருவி உலகச் செய்தியை வீட்டினுள் கொண்டுவரும் கருவியாயிற்று. ஒரு சமூகம் தன் நெருக்கடியினூடே பொருள்களுக்குப் புதிய பயனைக் காண்கின்றது என்பதற்கு இது தக்க உதாரணமாகும்.

2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை கல்முனைக் கரையோரத்தைப் பேரழிவுக்குள்ளாக்கியது. அதன் பின்னர் இலங்கையின் பாதிக்கப்பட்ட மக்களுக்கு 24,000க்கு மேற்பட்ட துவிச்சக்கரவண்டிகளை வழங்கிய பணியிலிருந்தே 'வேர்ல்ட் பைசிக்கிள் றிலீப்' என்னும் சர்வதேச நிறுவனம் உருவாயிற்று. அழிந்த வாழ்வை மீளத் தொடங்குவதற்கு வேண்டிய முதற் பொருள்களுள் துவிச்சக்கரவண்டியும் ஒன்று என்பதை அது உணர்த்தியது. 2009இல் போர் முடிவுற்றதும் வீதிகள் அகன்றன, காபெற் இடப்பட்டன, மோட்டார் சைக்கிள்களும் முச்சக்கரவண்டிகளும் பெருகின. வேகம் வந்தது, ஆனால் வீதியின் ஓரத்திலே மிதித்துச் செல்பவனுக்கு ஒளி வரவில்லை. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியிலே எரிபொருள் அரிதாகவே, துவிச்சக்கரவண்டியைக் கைவிட்டிருந்தோரும் அதனை மீண்டும் நாடினர். அவ்வாண்டு மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நிலவியது. வீதி விளக்குகளையும் அணைக்குமாறு பணிக்கப்பட்டது. வீதியிலே வண்டிகள் பெருகிய அதேவேளையில் வீதி இருண்டது. இருட்டடிப்புக் கால இங்கிலாந்தின் அனுபவத்தை நோக்குமிடத்து, இவ்விரண்டின் சேர்க்கை எத்துணை அபாயகரமானது என்பது புலனாகும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் ஓர் உண்மை தெளிவாகின்றது. இருளில் ஒருவனைப் புலப்படச் செய்யும் பொறுப்பு, வரலாறு முழுவதும் வலிமை குறைந்தவன்மீதே மீண்டும் மீண்டும் சுமத்தப்பட்டு வந்துள்ளது. அக்காலத்து இங்கிலாந்தின் வண்டியோட்டிகள் எழுப்பிய வினா இன்றும் விடையின்றியே நிற்கின்றது. ஆயினும், நியாயம் தன் பக்கம் உள்ளது என்பதனால் மட்டும் இருளில் மறைந்து செல்பவன் உயிர் தப்புவதில்லை. இலங்கையின் வீதிகளிலே ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறக்கின்றனர். அவர்களுட் பெரும்பாலோர் பாதசாரிகளும் இரு சக்கர வாகனங்களிற் செல்வோருமே. எனவே நியாயத்தைக் கோருவதும் ஒளித்தெறிப்பானைப் பொருத்துவதும் ஒன்றற்கொன்று முரணானவை அல்ல.

செய்யவேண்டியன பெருஞ்செலவு பிடிப்பவையும் அல்ல. வண்டி விற்பனைக்கு வரும்போதே ஒளித்தெறிப்பான்கள் முழுமையாக அமைந்திருத்தல், அவை கழன்றபின் திருத்தகத்திலே குறைந்த விலையிற் கிடைத்தல், தாம்போதிகளின் ஓரக்கற்களில் ஒளி தெறிக்கும் அடையாளம் இடுதல், அத்தகைய ஒடுங்கிய பாதைகளில் வாகன வேகத்தை மட்டுப்படுத்தல் ஆகியன உற்பத்தியாளரும் உள்ளூராட்சி மன்றமும் வீதி அதிகாரிகளும் ஏற்கவேண்டிய பங்காகும். ஓட்டுபவனின் பங்கும் உண்டு. பின்னால் தொங்கும் சாக்கு ஒளித்தெறிப்பானை மறைக்காதவாறு கட்டுவதும், வயலிலிருந்து புறப்படுமுன் அதன்மேற் படிந்த சேற்றைத் துடைப்பதும் அவனால் இயலும். முன்விளக்குக்கு ஒளித்தெறிப்பான் ஈடாகாது என்பதையும் அவன் அறிந்திருத்தல் வேண்டும்.

ஒளித்தெறிப்பானுக்குச் சொந்த ஒளி இல்லை. பின்னே வருபவன் விளக்கோடு வரவேண்டும், விழித்திருக்கவேண்டும், கண்டதும் வேகத்தைக் குறைக்கவேண்டும். இவை நிகழ்ந்தாலன்றி அச்சிவப்புத் துண்டு வெறும் பிளாத்திக்கே. தாம்போதியின் வெள்ளத்தினூடே வண்டியை உருட்டிச் செல்லும் விவசாயி தமிழனா முஸ்லிமா என்பதை அது அறிவிப்பதில்லை. முன்னே ஒரு மனிதன் செல்கின்றான் என்பதை மாத்திரமே அறிவிக்கின்றது. அவ்வறிவிப்புக்குச் செவிசாய்ப்பது வீதியைப் பயன்படுத்தும் ஒவ்வொருவரதும் கடனாகும்.